கோவில்பட்டியை உண்டாக்கியது எது?

புதூரிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினால் நாகலாபுரம், விளாத்திகுளம், எட்டயபுரம் என்று வழி போகிறது. வழி நெடுகக் கறுப்பு மண். சித்திரையில் போனால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும். ஐப்பசியில் போனால் அதே மண் மாட்டின் காலையும் மனிதன் காலையும் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். இரண்டு பக்கமும் உடைமரக் காடு, நடுநடுவே பனை, தூரத்தில் கண்மாய்க் கரை. கரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

விடிகாலைப் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். தூக்குவாளியும் துணிப்பையுமாகப் பெண்கள். பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் வழியில் எங்காவது இறங்கிக் களையெடுக்கவோ, மக்காச்சோளம் ஒடிக்கவோ போகிறவர்கள். போன மாதம் ஆபீஸுக்குப் போனவர் இந்த மாதம் காட்டு வேலைக்குப் போவார். "மழை பெஞ்சா காடு, பெய்யாட்டி ஆபீஸு. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று ஒரு தாயார் நம்மிடம் சொன்னார். கோவில்பட்டியின் பொருளாதாரத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

ஆனால் பள்ளிக்கூடப் பூகோளப் பாடத்தில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தப் பிரதேசத்தில் மழை குறைவு, வெயில் அதிகம், காற்றில் ஈரம் கிடையாது. ஆகவே பருத்தி விளைந்தது, பஞ்சாலை வந்தது, தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. முதலாளிமாரும் மேடையில் இதையே பேசுகிறார்கள். எல்லாம் வெயில் செய்த வேலை! அப்படியானால் இங்கே மனிதன் செய்த காரியம் ஒன்றுமே இல்லையா? கூலியை நிர்ணயித்ததும் வெயில்தானா?

வெயிலின் பங்கை நாம் மறுக்கவில்லை. மேற்கே மலைத்தொடர் ஆடி மாதக் காற்றின் மழையைத் தடுத்துக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வருஷம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். தாமிரபரணி தெற்கே ஓடுகிறது. அதன் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாகக் கோவில்பட்டிக்குக் குடிக்க வருகிறது, பயிருக்கு வருவதில்லை. வைப்பாறு சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. வருஷத்தில் பல மாதம் மணல்தான் தெரியும்.

இருந்தாலும் கரிசல் ஏழை மண் அல்ல. பெய்த மழையைத் தன் வயிற்றுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. மார்கழிக்குப் பிறகு ஒரு துளி பெய்யாவிட்டாலும், அடியில் இருக்கிற ஈரத்தை வேர் தேடிப்போய்க் குடித்துக்கொண்டு பருத்தி நிற்கும். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, கொத்தமல்லி, மிளகாய் என்று இந்த மண் கொடுக்காதது குறைவு. கொடுக்கிற காலம்தான் குறுகியது. விதைப்பும் களையெடுப்பும் தை வரை. அறுவடையும் பருத்தியெடுப்பும் சித்திரை வரை. அதற்குப் பிறகு புரட்டாசி கடைசியில் ஏர் கட்டுகிற வரை நிலமில்லாதவனுக்குக் கரிசலில் என்ன வேலை? வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் கை சும்மா இருக்கிறது. வயிறு சும்மா இருப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கோவில்பட்டியின் சரித்திரத்தைப் படித்தால் பல முடிச்சுகள் அவிழும் என்பது நமது அபிப்பிராயம்.

நாகலாபுரம் பறிபோன கதை

சரித்திரம் என்றதும் நம் ஜனங்கள் கட்டபொம்மனிடம் போய்விடுவார்கள். போகட்டும், நியாயம்தான். 1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கும்பினி அவரைத் தூக்கிலிட்டது. ஆனால் அதே மூச்சில் நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி பாளையங்களையும் கும்பினி பறிமுதல் செய்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? நாகலாபுரம் நம் புதூருக்கு அடுத்த ஊர். கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு, கும்பினிக்குத் துணை நின்ற எட்டயபுரத்துக்குப் போயிற்று. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டு ஜமீன் ஆட்சி. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று, உழுதவனுக்கெல்லாம் நிலம் வந்ததா என்றால், அது வேறு கதை.

வெள்ளைக்காரன் கண் வரியோடு நிற்கவில்லை. பருத்தி மேலும் விழுந்தது. 1840-களில் கும்பினி அமெரிக்கத் தோட்டக்காரர்களைச் சென்னை மாகாணத்துக்குக் கூட்டி வந்து அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தது. மானாவாரிக் கரிசலில் அது நிலைக்கவில்லை. நம் சம்சாரிகளின் கருங்கண்ணியும் உப்பமும் நிலைத்தன. 'திருநெல்வேலிப் பருத்தி' என்பதே சீமைச் சந்தையில் ஒரு சரக்கின் பெயராயிற்று. 1861-ல் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் யுத்தத்தில் இறங்கியதும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லை. உடனே இந்தியப் பருத்திக்கு என்றும் காணாத விலை. 1865-ல் யுத்தம் முடிந்தது, விலை சரிந்தது. ஏறின விலையைப் பார்த்துக் கடன் வாங்கியவன், இறங்கின விலையில் அதை அடைக்க வேண்டியதாயிற்று. உலகச் சந்தை என்ற பேய் கரிசல் காட்டுக்குள் கால் வைத்தது இப்படித்தான்.

அடுத்து வந்தது ரயில். 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வண்டி ஓட ஆரம்பித்தது. தண்டவாளம் விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி என்று போயிற்று. எட்டயபுரம் ஒதுங்கிவிட்டது. நாகலாபுரமும் புதூரும் இன்னும் தள்ளி. ஒரு கோடு எங்கே இழுக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து ஊர்களின் தலையெழுத்து மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். அதுவரை செண்பகவல்லி அம்மன் கோயிலைச் சுற்றியிருந்த சிற்றூர் கோவில்பட்டி. ஜமீன் அரண்மனையும் புலவர் கூட்டமும் எட்டயபுரத்தில் இருந்தன. ரயில் வந்த பிறகு பருத்தி வண்டிகள் எல்லாம் கோவில்பட்டி ஸ்டேஷனை நோக்கித் திரும்பின. பருத்திக்கொட்டை நீக்கும் ஆலைகளும் பஞ்சைப் பேல் கட்டும் அழுத்த யந்திரங்களும் பருத்திப்பேட்டைகளும் ரயில் பாதை ஊர்களில்தான் எழுந்தன.

அந்த ரயில் ஓட ஆரம்பித்த அதே சமயம்தான் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டு ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். பஞ்சு துறைமுகத்துக்குப் போயிற்று. அதே துறைமுகத்தின் வழியாகக் கூலிகள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கரிசல் ஏற்றுமதி செய்த சரக்கு இரண்டு: பருத்தி ஒன்று, மனிதன் ஒன்று.

எட்டயபுரத்தில் பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர் பஞ்சாலை ஒன்று வைக்க முயன்றார். கைப்பொருளை இழந்து, நொந்து, 1898-ல் காலமானார். அவர் கெட்டிக்காரர் இல்லை என்பது காரணமல்ல. ரயில் இல்லாத ஊர், தனி மனிதனின் முதல், எதிரே வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பலம். மகன் பின்னாளில் சுதேசித் தொழிலைப் பற்றி அவ்வளவு வேகமாக எழுதியதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காயம் இருந்தது என்று நாம் நினைக்கிறோம்.

மில்லும் ஈரக் காற்றும்

ஹார்வி கம்பெனி 1885-ல் பாபநாசத்தில் ஆலை வைத்தது, 1888-ல் தூத்துக்குடியில் கோரல் மில், 1892-ல் மதுரை மில். இதற்கு நடுவே, 1891-லேயே கோவில்பட்டியில் நூற்பாலை வந்துவிட்டது. பின்னாளில் லாயல் மில் என்று பெயர் பெற்றது அதுதான். கோவை லட்சுமி மில் கம்பெனியும் இங்கே ஒரு கிளை அமைத்தது.

வறண்ட காற்று ஆலைக்கு நல்லது என்று சொல்கிற கனவான்கள், மில்லுக்குள் ஒரு நாள் வேலை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். வறண்ட காற்றில் இழை அறும். அதனால்தான் ஸ்பின்னிங் ஹாலுக்குள் யந்திரம் வைத்து நீர்த்திவலையை விசிறி அடிக்கிறார்கள். வெளியே எலும்பைச் சுடும் வெயில், உள்ளே மூச்சை அடைக்கும் புழுக்கம், மூக்கில் பஞ்சுத் தூசி. வானம் தராத ஈரத்தை நூலுக்காகச் செயற்கையாய் உண்டாக்கினார்கள். ஆகவே மில்லை இங்கே கொண்டுவந்தது காற்று அல்ல. பக்கத்திலேயே பருத்தி, வாசலிலேயே ரயில், கூப்பிட்ட குரலுக்குக் கிராமத்து ஆள். இந்த மூன்றும்தான் கொண்டுவந்தன.

ஆனால் மில்லுக்குள் சேர்ந்தவன், வெளியே தனித்தனியாக இருந்தபோது அறியாத ஒன்றை அறிந்தான். 1908 பிப்ரவரி 27-ம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கம்பெனி இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. சில நாளில் மார்ச் 12-ம் தேதி தலைவர்களைச் சர்க்கார் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேர வேலை என்பது சட்டத்தில் ஏற அதற்குப் பிறகும் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. 1948 பாக்டரிச் சட்டத்திலும் அது எழுதப்பட்டது.

மில் வேலைக்காரன் என்றால் பெண் கொடுக்கப் போட்டி போட்ட காலம் ஒன்று இந்தப் பக்கம் இருந்தது. மாதச் சம்பளம், போனஸ், பிராவிடண்ட் பண்டு. மில் சங்கு கேட்டுத்தான் ஊரில் உலை வைத்தார்கள். அந்த நிரந்தர வேலை இன்று தேய்ந்துபோய்விட்டது. யந்திரம் பெருகியது, ஆள் குறைந்தது, இருக்கிற ஆளிலும் காண்டிராக்ட் ஆள் பெருகினான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. மேற்கே கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பலவற்றுக்குத் தென் ஜில்லாக் கிராமங்களிலிருந்து குமரிப் பெண்களைத் தரகர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் விடுதிக்குள் அடைந்து வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று ஒரு மங்களகரமான பெயர் வேறு. பாதியில் உடம்பு முடியாமல் வந்தவளுக்குத் தொகை இல்லை. பருத்தி போன வழியில் பெண் போனாள்.

கையைத் தவிர எல்லாம் வெளியூர்

இனித் தீப்பெட்டிக்கு வருவோம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுவந்து, அடுத்த வருஷம் தொழில் தொடங்கினார்கள். அதே 1923-ல்தான் சுவீடன் நாட்டு முதலாளிகளின் விம்கோ கம்பெனி இந்தியாவில் கால் வைத்தது. ஒரு பக்கம் பெரிய யந்திரம், இன்னொரு பக்கம் கை. கை தாக்குப்பிடித்தது. சிவகாசியிலிருந்து சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் தொழில் பரவியது. எப்படித் தாக்குப்பிடித்தது?

குச்சிக்கு மரம் கேரளத்திலிருந்து வருகிறது. மெழுகு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது. பெட்டியின் பக்கத்தில் தடவுகிற சிவப்புப் பாஸ்பரஸ் வெளியிலிருந்து வருகிறது. அட்டை, காகிதம் எல்லாம் அப்படியே. பருத்தி மில்லுக்காவது மூலப்பொருள் நம் காட்டில் விளைந்தது. தீப்பெட்டிக்குக் கரிசல் கொடுத்தது என்ன? மருந்து முக்கிய குச்சி வெயிலில் சீக்கிரம் காயும், ஒப்புக்கொள்கிறோம். வெயில் ராயலசீமையிலும் அடிக்கிறது, ராஜபுதனத்திலும் அடிக்கிறது. அங்கெல்லாம் ஏன் தீப்பெட்டி ஆபீஸ் வரவில்லை? சித்திரைக்குப் பிறகு சும்மா இருக்கிற கை, எந்தக் கூலிக்கும் வருகிற கை இங்கே இருந்தது. ரயிலும் இருந்தது, வியாபாரத்தில் பழகிய முதலும் இருந்தது. கையைத் தவிர மற்ற எல்லாம் வெளியூர்ச் சரக்கு.

அந்தக் கையிலும் சின்னக் கைதான் அவர்களுக்கு உசத்தியாகப் பட்டது. பிஞ்சு விரல் என்றால் குச்சி அடுக்க வேகம் வரும் என்று கூசாமல் சொன்னார்கள். 1980-களில் விடியுமுன் ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். இந்த மண்ணின் எழுத்தாளர் பூமணி அதைத்தான் 'கருவேலம்பூக்கள்' என்று சினிமாவாக எடுத்தார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். 1996-ல், சிவகாசித் தொழிலைக் குறித்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தொழில் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை விட்டால் தொழிலே போய்விடும் என்று ஒப்பாரி வைத்தவர்கள் பிறகு யந்திரம் வாங்கினார்கள். குச்சி அடுக்குகிற வேலையை இன்று பெரும்பாலும் யந்திரம் செய்கிறது. பெட்டியில் அடைத்துப் பண்டல் போடுகிற வேலை பெண்களிடம் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற தோழரும் இதைப் போடலாம். தீப்பெட்டி விலை 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாயிற்று. பதினான்கு வருஷம் அப்படியே நின்று, 2021 டிசம்பர் 1-ம் தேதி இரண்டு ரூபாயாயிற்று. அப்போது உற்பத்தியாளர்கள் பத்திரிகைகளில் சொன்ன விவரம்: 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றுவந்தோம், இனி 430 முதல் 480 ரூபாய்க்கு விற்போம், வரியும் வண்டிக்கூலியும் தனி. பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகிவிட்டது, மெழுகு 58-லிருந்து 80 ஆகிவிட்டது என்று காரணமும் சொன்னார்கள். சரி. ஒரு பெட்டிக்கு ஆபீஸ் வாசலில் கிடைத்தது 45 முதல் 50 காசு. அது 72 முதல் 80 காசாயிற்று. கூடியது சுமார் 30 காசு. கடையில் ஜனங்கள் கூடுதலாகக் கொடுத்தது 100 காசு. வரி 12 சதவீதம் என்று வைத்தாலும் கூடுதல் வரி மூன்று நான்கு காசுதான். மீதி அறுபத்தைந்து காசுக்கு மேல் எங்கே போயிற்று? வழியில் போயிற்று. லாரி, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி. ஆபீஸுக்கு வந்த அந்த முப்பது காசிலும் பெரும்பகுதியை மூலப்பொருள் தின்றுவிட்டது என்று முதலாளி சொல்கிறார். பெட்டியை அடைத்த பெண்ணின் கைக்கு அதில் எத்தனை காசு வந்தது? பத்திரிகைச் செய்தியில் எல்லாப் பொருளின் விலையும் இருந்தது. கூலி எவ்வளவு என்ற வரி மட்டும் இல்லை.

சீனத்து லைட்டர்

இரண்டு ரூபாய்த் தீப்பெட்டிக்கு இப்போது எதிரி என்று சொல்லப்படுவது சீனத்து லைட்டர். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடுகிறது என்று 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மத்திய சர்க்காருக்கு எழுதினார். 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. முழு லைட்டர் வரக்கூடாதென்றால் பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. தடையை நாம் எதிர்க்கவில்லை. ஒரு லட்சம் குடும்பத்துச் சோறு இதில் இருக்கிறது.

ஆனால் சீனத்துத் தொழிலாளி நம் வாய்ச் சோற்றைப் பறித்தான் என்று பேசுவது தவறு. அந்த லைட்டர் எங்கிருந்து வருகிறது? ஹூனான் மாகாணத்தில் ஷாவ்தோங் என்று ஒரு நகரம். கடற்கரையில் இல்லை, துறைமுகத்திலிருந்து வெகு தொலைவு, நம் கோவில்பட்டியைப் போல உள்நாட்டு ஊர். உலகம் கொளுத்தி எறிகிற லைட்டர்களில் பெரும்பகுதி அங்கே செய்யப்படுகிறது. சீனத்துக் கடைகளில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு லைட்டர் ஒரு யுவானுக்கு, நம் கணக்கில் சுமார் 12 ரூபாய்க்குக் கிடைத்துவந்தது. எப்படி முடிந்தது? கூலியைக் குறைத்து மட்டும் இருபது வருஷம் விலையைப் பிடித்து வைக்க முடியாது. கல், ஸ்பிரிங், கூடு, வாயு அடைக்கிற யந்திரம் என்று எல்லாப் பாகமும் அந்த ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு வெளியே போகாமல் செய்துகொண்டார்கள். கையால் செய்ததை யந்திரத்துக்கு மாற்றினார்கள். நம் ஊரிலோ நூறு வருஷமாக மரம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், லாபம் ஒரு பக்கம். மிஞ்சினது கூலியை அமுக்குகிற ஒரே வழி. ஷாவ்தோங் தொழிலாளிக்கு அங்கே சுகவாழ்வு என்று நாம் சொல்ல வரவில்லை. யந்திரத்தின் முன்னால் நிற்கிறவன் எந்த ஊரிலும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். தடை போட்டு லைட்டரை நிறுத்தினால் அதன் பலன் பண்டல் போடுகிற பெண்ணுக்கு எத்தனை காசு என்பதுதான் நமது கேள்வி.

கடலைமிட்டாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 30-ம் தேதி கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். கரிசலிலும் செவலிலும் விளைகிற கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், பாகு பதம் தெரிந்த கை. வேறு ஊர்க்காரன் இந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. கொப்பரை முன்னால் வேகிறவருக்கு என்ன பாதுகாப்பு என்று சட்டத்தில் இல்லை.

மழை பெய்யாத ஊரில் ஒன்று மட்டும் தாராளமாக விளைந்தது, எழுத்து. இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில், 1923 என்ற ஒரே வருஷத்தில், கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் பிறந்தார்கள். இருவரும், பிறகு பூமணியும் சோ.தர்மனும் சாகித்ய அகாடமிப் பரிசு பெற்றார்கள். 2019-ல் தர்மன் பரிசு பெற்ற 'சூல்' நாவல் வேறெதைப் பற்றியும் அல்ல, ஒரு கிராமத்துக் கண்மாயைப் பற்றியது. மராமத்தை ஊர் தன் கையில் வைத்திருந்த வரை கண்மாய் உயிரோடு இருந்ததும், அது ஊர்க் கையைவிட்டுப் போனதும் செத்ததும் அதில் இருக்கிறது.

புதூரில் மிஞ்சியது

புதூர்ப் பக்கம் திரும்பி வருவோம். பருத்தி போட்ட காட்டில் இன்று மக்காச்சோளம். அது நம் வயிற்றுக்கு அல்ல, நாமக்கல் கோழிக்கு. 2018-ல் படைப்புழு என்ற புதுப் பூச்சி வந்து குருத்தைத் தின்று மொட்டையடித்தது. புழுவுக்குத் தப்பியதைக் காட்டுப்பன்றி கிளறுகிறது. பருத்தியில் எடுப்பு பல தடவை வரும், ஒவ்வொரு எடுப்புக்கும் கூலி உண்டு. மக்காச்சோளத்துக்கு யந்திரம் வந்துவிட்டால் ஒரே நாளில் காடு காலி. சம்சாரிக்கு லாபமோ நஷ்டமோ, கூலிக்காரிக்கு வேலை நாள் குறைந்துவிட்டது. விதைப்பு இல்லாத நிலத்தில் சீமை உடை மண்டியிருக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். பருத்தி ஏற்றின பூமி கரி ஏற்றுகிறது.

கோவில்பட்டியில் 1901-லிருந்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் கரிசலுக்கென்று நல்ல ரகங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. கே என்ற எழுத்தில் தொடங்குகிற ரகமெல்லாம் அந்தப் பண்ணைப் பிள்ளைகள்தான். விதை கொடுத்தார்கள். விளைந்ததை என்ன விலைக்கு, யார், எந்த மாதம் வாங்குவார் என்பதற்கு ஆராய்ச்சி நடக்கவில்லை. அறுவடை முடிந்து, கடன்காரனுக்குப் பயந்து சம்சாரி பாசிப்பயறை வியாபாரிக்குத் தள்ளிவிட்ட பிறகு சர்க்கார் கொள்முதல் வந்தால் அது யாருக்குப் பயன்?

ரயில் கதையும் முடியவில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குப் புதுப் பாதை என்று 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் போட்டார்கள். மேலே ஏறவில்லை. நிலம், பணம், யார் வேண்டாமென்றது என்று சர்க்கார்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். 1876-ல் ஒதுங்கிய கோடு இன்றும் ஒதுங்கியே இருக்கிறது. அதனால்தான் விடிகாலைப் பஸ்.

நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பங்குனிக்கு முன்னால் புதூரிலேயே பயறும் உளுந்தும் பருத்தியும் கொள்முதல் செய்யட்டும், கோவில்பட்டிக்கு வண்டி கட்டச் சொல்ல வேண்டாம். சித்திரைக்கும் புரட்டாசிக்கும் நடுவே, கை சும்மா இருக்கிற அந்த ஐந்து மாதத்தில், கண்மாய் தூர்வாருகிற வேலையைக் கூலி பாக்கி வைக்காமல் நடத்தட்டும். நூறு நாள் வேலை என்று 2005-ல் சட்டம் வந்த பிறகுதான் கூலிக்காரி வரப்பில் நின்று கூலி பேசத் துணிந்தாள் என்பதைப் பெரிய சம்சாரிகளே முணுமுணுத்தார்கள். காட்டில் வேலை உண்டென்றால் ஆபீஸில் கூலி தானாக ஏறும். இந்த இரண்டு கூலியும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. மில் தொழிலாளி தன் கூலிக்குப் போராடும்போது காட்டுக் கூலியைப் பற்றியும் பேசவேண்டியதற்குக் காரணம் இதுதான். அவன் இடத்துக்குக் குறைந்த கூலியில் வந்து நிற்கப்போகிறவன் அவனுடைய தம்பி.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு ஒரு யோசனை. ஒரு பண்டலுக்குக் குச்சி எவ்வளவு, மருந்து எவ்வளவு, அட்டை எவ்வளவு, வரி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்கெழுதி ஆபீஸ் வாசலில் ஒட்டச் சொல்லிச் சங்கத்தின் மூலம் கேளுங்கள். பாஸ்பரஸ் விலை ஏறியதைப் பத்திரிகைக்குச் சொல்ல முடிந்தவர்களுக்கு இதை எழுதி ஒட்டுவது சிரமமில்லை. அடுத்த விலையேற்றத்துக்கு முன்னால் கேளுங்கள்.